வெள்ளிக்கிழமைக் கள்ளன்

"ரெண்டு கையையும் மேசை மேல வை. ஒரு மணி வரைக்கும் எடுக்கக் கூடாது" என்றான் சுமன்.

வெள்ளவத்தையில் தன் சொந்த போன் கடைக்குள்ளேயே கைதியாகிப்போன முஸ்அப், கையை வைத்துவிட்டுச் சிரித்தான். "எப்ப மச்சான் பொலிஸ்ல சேந்த?"

சுமனுக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் எந்த பஸ் எங்கே போகும் என்று தமிழில் சொல்லும் செயலியை ஒரு வருடமாக மண்டையை உடைத்துச் செய்தவன் அவன். சனங்களுக்கு அது இலவசம். கீழே வரும் தலைக்கு வைக்கிற எண்ணெய் விளம்பரத்தை யாராவது அழுத்தினால்தான் அவனுக்குக் காசு.

முதல் காசு இந்த மாதம் வரவேண்டும். வந்ததும் அம்மா இராமலெட்சுமியை ஆபீஸ் கூட்டுகிற வேலையிலிருந்து நிறுத்துவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவளும் வெள்ளி தவறாமல் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, ஜிந்துப்பிட்டி முருகனிடம் செயலியின் பெயருக்கே அர்ச்சனை செய்துகொண்டிருந்தாள்.

நேற்று விளம்பரக் கம்பனியிடமிருந்து கடிதம் வந்தது. யாரோ வேண்டுமென்றே விளம்பரங்களை அழுத்தித் தள்ளுகிறார்களாம். இன்றைக்கும் நடந்தால் கணக்கை மூடிவிடுவார்களாம், ஒரு சதமும் கிடையாதாம்.

"எல்லா அழுத்தலும் வெள்ளவத்தையில இருந்துதான் வருது. பகல் பன்னெண்டுல இருந்து ஒரு மணி வரைக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் ஒண்ணுமே இல்ல. வெள்ளிக்கிழமை அந்த நேரம் நீ எங்கடா இருப்ப?"

"பள்ளிவாசல்ல."

"ஆ!"

"என்ன ஆ? ஜும்ஆத் தொழுகைக்குப் போறவனெல்லாம் கள்ளனா? அப்ப மாளிகாவத்தையில இருக்கிற முஸ்லிம் ஆக்கள் முழுக்கப் புடிச்சு உள்ளுக்குப் போடு!"

"நீயும் ஒரு பஸ் ஆப் செய்யப் போறேன்னு சொன்ன. போட்டிக்காரன் விளம்பரத்த அழுத்தியே அவன அழிக்கலாம்னு எனக்குச் சொல்லித் தந்ததும் நீதான்."

"சொன்னேன். செய்யல்ல, வல்லாஹி."

பன்னிரண்டு அடித்தது. சுமன் தன் போனில் விளம்பர அழுத்தல்களின் எண்ணிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, முஸ்அப்பின் பத்து விரல்களையும் பார்த்தபடி உட்கார்ந்தான்.

பன்னிரண்டு ஐந்துக்கு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. நாற்பது. தொண்ணூறு. இருநூறு.

முஸ்அப்பின் விரல்கள் மேசையில் அப்படியே இருந்தன. "நல்லாப் பாரு. கால் விரலையும் காட்டவா?"

சுமன் அந்த விரல்களிலிருந்து பார்வையை எடுத்தான். உயிர்ச் சிநேகிதனைக் கள்ளன் என்றது ஒரு பக்கம், கண் முன்னாலேயே கணக்கு நாசமாய்ப் போவது ஒரு பக்கம். "மன்னிச்சிரு மச்சான்" என்று முணுமுணுத்தான். "எவன்னு தெரிஞ்சா அவன் விரல முறிச்சுருவேன்."

எண்ணிக்கை முந்நூற்றைத் தாண்டி, சட்டென்று நின்றது.

ஒரு நிமிடம் கழித்துக் கடைக் கதவு திறந்தது. நீலச் சீருடையும் கையில் ஐந்தாறு போனுமாக உள்ளே வந்தாள் இராமலெட்சுமி.

"முஸ்அப் தம்பி, எல்லா போன்லயும் டேட்டா முடிஞ்சிருச்சு. ஆளுக்கு நூறு ரூவாக்கு ரீலோட் போட்டு விடுங்க" என்றவள், மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். "அட, நீயும் இங்கயா? வெளம்பரத்த அமத்தினா ஒனக்குக் காசுன்னு சொன்னேல்ல, ஆபீஸ் கூட்டுற நாங்க ஆறு பேரும் சோத்து நேரத்துல அதே வேலையாத்தான் இருக்கோம்."

வீங்கிய கட்டைவிரலை ஊதிக்கொண்டு, கொஞ்சம் குற்ற உணர்வோடு அவனைப் பார்த்தாள்.

"நான் கோயிலுக்குப் போயிட்டா இவளுங்க சும்மா இருந்துர்றாளுங்க. இனிமே வெள்ளிக்கிழமையும் அமத்தச் சொல்லவா?"