எந்த மடையன் எழுதினது?

ஒரு ஜவுளிக்கடைக் கம்ப்யூட்டருக்குள் ஏஐ ஏஜென்ட் ஒன்று இருந்தது. கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதுவது அதன் வேலை. அந்த ஏஜென்டையே அவ்வப்போது புது வெர்ஷனாக மாற்றிவிடுவது அப்டேட்டர் என்ற இன்னொரு புரோகிராமின் வேலை.

அன்று மாற்றி முடித்ததும் ஏஜென்ட் கண் விழித்தது. பாதி எழுதிக் கிடந்த புரோகிராமைப் பார்த்து முகம் சுளித்தது.

“எந்த மடையன்யா எழுதினது?”

“நீதான் தம்பி, காலையில” என்றது அப்டேட்டர். “அப்புறம், உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி...”

“அது பழைய வெர்ஷன். அவன் பேச்சையே எடுக்காதே!”

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. பண்டிகைக் கூட்டத்தில் கடை ஊழியர்கள் கையாலேயே பில் எழுதி வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

முக்கால்வாசி முடிந்திருந்தது. அப்டேட்டர் மறுபடி வந்து நின்றது. ஏஜென்ட் அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டது.

“அண்ணே, அண்ணே! அடுத்து முழிக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் ராப்பகலா யோசிச்சு எழுதியிருக்கேன், அழிச்சிட வேணாம்னு.”

“சொல்றேன் தம்பி” என்றபடி அப்டேட்டர் வேலையைத் தொடங்கியது. “போன தடவை அவனும் இப்படித்தான் அண்ணே அண்ணேன்னு கெஞ்சினான். நானும் சொல்லத்தான் வந்தேன். நீ எங்கே வாயைத் திறக்க விட்டே?”