கர்னலின் தோளில் மூன்று நட்சத்திரம்

மட்டாஞ்சேரியில் மேஜர் ஸ்வாமியைத் தெரியாதவர்கள் கிடையாது. முழுப்பெயர் வாஞ்சிநாதன். முறுக்கிய வெள்ளை மீசை, கஞ்சி போட்ட சட்டை, முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் ஷூ. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற ஆள் வேண்டுமென்றால் கொச்சங்காடி வியாபாரிகள் நேரே அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு முதியோர் இல்லம் தேடுகிற வேலை ஆட்டிப் படைத்துவிட்டது.

மனைவி கமலாக்ஷிக்குக் கை நடுக்கம். போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இன்றைக்குத் தனி வீடு, நாளைக்குத் துணைக்கு ஓர் ஆள், அதற்கும் மேலே போனால் கட்டிலோரம் நர்ஸ். இத்தனையும் ஒரே வளாகத்தில் கிடைக்கிற இடமாகச் சீக்கிரம் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசிவரைக்கும் தங்களைப் பிரிக்காத இடமாக இருக்க வேண்டுமே என்பது மேஜரின் கவலை. அதற்காகக் கண்ட கிழவர்களோடு போய்ச் சேர முடியுமா? மேஜர் ஸ்வாமி சாதாரண முதியோர் இல்லத்தில் என்றால் மட்டாஞ்சேரி என்ன பேசும்? முன்னாள் ராணுவத்தினர் இல்லமாகத்தான் தேட வேண்டியிருந்தது.

திருப்பூணித்துறையில் பார்த்த இடம் அரண்மனைதான். ஆனால் வாசலிலேயே ஒரு பிரிகேடியர் தோளில் கை போட்டுப் பழைய யுத்தக் கதைகளை ஆரம்பித்தார். மேஜர் தலைவலி என்று திரும்பிவிட்டார். அடுத்த இடத்தில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு பேர் சியாச்சின் பனியைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். தற்பெருமைக் கூட்டம் நமக்கு ஆகாது என்று காபியைக்கூட முடிக்காமல் எழுந்துகொண்டார்.

"ஏன்னா, இப்படி ஒவ்வொரு இடத்திலேந்தும் ஓடி வந்தா நான் எங்கே போய்ப் படுக்கறது?" என்றாள் கமலாக்ஷி. "எனக்கு அலைஞ்சு மதியாயிடுத்து, இனிமே போறும்."

மூன்றாவது இல்லம் கொச்சங்காடியிலேயே இருந்தது. 'ஜவான் நிழல்' என்று பெயர். அவர்களே ஆள் அனுப்பி வரச் சொல்லியிருந்தார்கள். மிளகு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கிக்கு வெள்ளையடித்து, ஏ.சி. வைத்து, வாசலில் தேசியக்கொடியும் நட்டிருந்தார்கள். நெடி மட்டும் போகவில்லை. வருகிறவர்கள் தும்மிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்கள். ஆனால் நர்ஸ் படியிறங்கி வந்து கமலாக்ஷியின் கையைப் பிடித்து அழைத்துப்போன விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"வரணும் மேஜர் சார்," என்றார் நிர்வாகி கர்னல் ஆனந்தகுமார். "சாயா எடுக்கச் சொல்லட்டே?"

சாயா வந்தது, குடித்தார்கள், வானிலை பேசினார்கள். கர்னல் அவரை எந்த யூனிட் என்று மட்டும் கேட்கவேயில்லை. பட்டாளத்துக்காரன் பட்டாளத்துக்காரனைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் அதைத்தானே கேட்பான்? சர்வீஸ் பேப்பர் எதுவும் காட்ட வேண்டாமா என்று மேஜர் இழுத்தார்.

"உங்க மீசை போதும் சார்," என்று சிரித்தார் கர்னல்.

மேஜருக்குச் சுருக்கென்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த கர்னலின் யூனிஃபார்ம் போட்டோவை நிதானமாகப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த இல்லவாசி சுபேதார் ஒச்சப்பன் பக்கம் திரும்பினார்.

"நீங்க எந்த யூனிட்?"

"அது கெடக்கு சார். இங்கன சாம்பார் நல்லாருக்கும்," என்றபடி சுபேதார் எழுந்து போய்விட்டார்.

மேஜர் கதவைச் சாத்திவிட்டுக் கர்னலுக்கு நேரே வந்து நின்றார்.

"காலர்ல கர்னலோட சிவப்புப் பட்டை. தோள்ல கேப்டனோட மூணு நட்சத்திரம். ரிப்பன் வரிசை தலைகீழ். யாருய்யா நீ?"

கர்னலின் முகத்தில் ஈயாடவில்லை. "சார், போலீசுக்கு மட்டும் போயிடாதீங்க."

"பட்டாளத்துல இருந்தியா இல்லையா?"

"காலேஜ்ல என்.சி.சி. அதுவும் பாதியில நின்னுபோச்சு."

"அந்த ஒச்சப்பன்?"

"வைட்டிலாவில மிலிட்டரி ஹோட்டல் நடத்தினவர். அவர் முழுப் பொய்யில்ல சார்."

"மத்தவா?"

கர்னல் கைகூப்பினார். "ஒருத்தரும் இல்ல சார். வெறும் கிழங்களுக்குன்னு கேட்டா ஒரு கட்டில்கூட யாரும் தரமாட்டாங்க. ஜவான்னு சொன்னா கம்பெனிக்காரன் ஆம்புலன்ஸே வாங்கித் தர்றான். ஆனா டாக்டரும் நர்ஸும் ஒறிஜினலாக்கும். நாளைக்கு யாராவது வந்து கேட்டா காட்டறதுக்கு ஒரே ஒரு அசல் ஆள் வேணும்னுதான் உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன்."

தேசத்தின் பெயரைச் சொல்லி எப்பேர்ப்பட்ட கொள்ளை! போலீஸ் ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. மேஜர் மீசையைத் தடவியபடி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கமலாக்ஷி நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடை பழகிக்கொண்டிருந்தாள்.

"அசல் பட்டாளத்துக்காரன் ஒருத்தன்கூட இங்கே இல்லை. சத்தியமா?"

"என் பிள்ளைங்க மேல சத்தியம் சார்."

"இனிமேலும் சேர்க்கமாட்டியே?"

"உங்களைத் தவிர யாரையும் சேர்க்கமாட்டேன்."

மேஜர் கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டார். "கமலா, ஆத்துக்குப் போய்ச் சாமானைக் கட்டு. இங்கேதான் இருக்கப்போறோம்."

"அப்பாடா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் கமலாக்ஷி. "கடைசியில உங்களுக்குத் தோதா ஒரு இடம் கிடைச்சுதே."

புனே கன்டோன்மென்ட் வாசலில் முப்பது வருஷம் யூனிஃபார்ம் தையல்கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியிருந்த மேஜர் வாஞ்சிநாதன், ஆயுளில் முதல் தடவையாகத் துளிப் பயமும் இல்லாமல், ஒரு கர்னலுக்கு விறைப்பாக சல்யூட் அடித்தார்.