எட்டாவது ஆள்

ஏழு வக்கீல் ஆபீஸ்கள் கூட்டாக ஒரே இன்சூரன்ஸ் எடுப்பதாக முடிவாகியிருந்தது. எட்டாவதாக ஒற்றை நாற்காலி வக்கீலையும் எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று அந்த ஏழு பேரில் ஒருவரான வக்கீலம்மாவை அனுப்பியிருந்தார்கள். கட்சிக்காரர் உட்கார அந்த ஆபீஸில் ஒரே நாற்காலிதான். அதனால் அந்தப் பெயர். மாடிப்படியில் காத்திருந்த மூன்று பேரைப் பார்க்காத மாதிரி தாண்டி வந்து, வக்கீலம்மா அதில் உட்கார்ந்தார்.

“நம்ம கவனக்குறைவால கேஸ் தோத்துப்போச்சுன்னு கட்சிக்காரர் நம்ம மேலயே வழக்குப் போட்டா, நஷ்டஈட்டைக் கம்பெனி குடுத்துரும். உங்க பங்கு பிரீமியத்தையும் நாங்களே கட்டிடறோம் சார்.”

“என் மேல இதுவரைக்கும் யாரும் போட்டதில்லையேம்மா.”

“நாளைக்கு ஒண்ணுன்னா யார் வருவா? உங்களை நாங்க வெளியாளாவா நினைக்கிறோம்?”

வக்கீலம்மாவுக்கே தன் குரலின் உருக்கம் பிடித்திருந்தது.

ஒற்றை நாற்காலி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வக்கீலம்மா நீட்டிய ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை நிதானமாக வாசித்தார்.

“குழுவில இருக்கற வக்கீல், குழுவில இருக்கற இன்னொரு வக்கீல் மேல வழக்கு நடத்தக் கூடாதாமே?”

“அது சும்மா, வழக்கமா போடறதுதான் சார்.”

படியில் காத்திருந்த மூன்று பேரும் வக்கீலம்மாவின் பழைய கட்சிக்காரர்கள். வக்கீல்கள் மேல் வழக்குப் போடுவது ஒன்றுதான் ஒற்றை நாற்காலியின் பிழைப்பு. ஊரில் வேறு எந்த வக்கீலும் அந்த மாதிரி வழக்கைத் தொடுவதே இல்லை.

“கையெழுத்துப் போடறேம்மா. ஒரே ஒரு சந்தேகம்,” என்று அவர் பேனாவைத் திறந்தார். “நான் உள்ள வந்துட்டா, அப்புறம் நீங்கள்லாம் யாருக்குப் பயந்து இன்சூரன்ஸ் எடுக்கறீங்க?”