கறுப்பு மஞ்சள் தொப்பி

சாசேஜைத் திருப்பிப் போட்ட இடுக்கியை வெண்டெல் கீழே வைக்கவில்லை. அதை அப்படியே ரூஃபஸின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“ஜிம் பிரவுன்தான்டா! நேத்தும் பிரவுன், இன்னைக்கும் பிரவுன். எங்க, இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!”

ரூஃபஸ் சொல்லவில்லை.

மடக்கு நாற்காலியில், கழுத்துவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நண்பரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜூலையில் ஸ்ட்ரோக் வந்து விழுந்தவர். கால் தேறிவிட்டது, ஒரு கை இன்னும் முழுதாகத் தேறவில்லை. வாயில்தான் ஒரு சொல்கூட வரவில்லை. பேச்சு திரும்பலாம், ஆனால் யாராவது விடாமல் கிளப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பேச்சைக் கிளப்ப கிளீவ்லாண்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை, அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்துக்குப் பக்கத்துக் கார் நிறுத்துமிடம். ஏரியிலிருந்து காதை அறுக்கிற காற்று. எங்கே பார்த்தாலும் அடுப்புப் புகை. ஆட்டத்துக்கு இன்னும் நேரம் கிடந்தது, அதற்குள் பாதிப் பேர், ஊர் அணியின் ரசிகர்கள் வழக்கப்படி, நாய் முகமூடியை மாட்டிக்கொண்டு குரைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆட்ட நாளில் கூடுவதற்கென்றே வெண்டெல் வாங்கிய பழைய பள்ளிப் பேருந்து ஊர் அணியின் ஆரஞ்சு நிறத்துக்கு மாறி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் பேருந்தடியில் ஒரே ஒரு சட்டம்தான். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடிய ரன்னிங் பேக்குகளிலேயே பெரியவன், அந்தக் காலத்தில் இந்த ஊர் அணிக்கு ஆடிய ஜிம் பிரவுன். வேறு பெயரைச் சொன்னவன், பரம எதிரியான பிட்ஸ்பர்க் அணியின் கறுப்பு மஞ்சள் தொப்பியை அன்றைய ஆட்டம் முடிகிறவரை தலையில் சுமக்க வேண்டும். இந்த ஊரில் அதைவிட மானக்கேடு இல்லை.

இத்தனை வருஷமும் அதைச் சுமந்தவர் ரூஃபஸ் ஒருவர்தான். சிகாகோவில் பிறந்து, இரும்பாலை வேலைக்காக இங்கே வந்தவர். வண்டியை விட்டு இறங்கும்போதே சிகாகோ அணியின் ஆளைத்தான் சொல்வார், “வால்டர் பேட்டன்” என்று. தானே போய்த் தொப்பியை மாட்டிக்கொள்வார். பேட்டன் ஓடுவான், பிடிப்பான், எறிவான், அடுத்தவன் ஓடுவதற்காக முட்டித் தள்ளி வழிபண்ணிக் கொடுப்பான், உன் ஆளுக்கு ஓடுவதைத் தவிர என்ன தெரியும் என்பார்.

வெண்டெலிடம் அதற்கு ஒரு கடைசி அஸ்திரம் இருந்தது.

“பிரவுனைத் தள்ளிவிட்டா மெதுவாத்தான் எழுந்திருப்பான். இவன் கதை முடிஞ்சுதுன்னு நினைப்பாங்க. அடுத்த தடவை நாலு பேரை இழுத்துக்கிட்டு ஓடுவான்டா!”

“அதெல்லாம் நடிப்புடா,” என்பார் ரூஃபஸ். அதோடு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த வருஷம் தொப்பி பேருந்தின் பக்கக் கண்ணாடியில் சும்மா தொங்கியது. வெண்டெல் அந்தப் பக்கம் பார்ப்பதையே தவிர்த்தார். அவருக்கு நண்பர்கள் நிறைய உண்டு. எதிர்த்துப் பேச இவர் ஒருவர்தான்.

பேட்டனைத் திட்டிப் பார்த்தார். அவனுக்கு ஓடவே தெரியாது, தடுக்கித் தடுக்கித்தான் அவ்வளவு தூரம் போனான் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போது அவருக்கே வாய் கூசியது. ரூஃபஸ் கண்ணைச் சிமிட்டியதோடு சரி.

“போதும் வெண்டெல்,” என்றாள் ரூஃபஸின் மனைவி ஆர்லீன். “வராததை எவ்வளவுதான் இழுப்பீங்க? வந்து சாப்பிடுங்க.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மனதைத் தேற்றிக்கொண்டவள் மாதிரி சாந்தமாகச் சொன்னாள். அதை வெண்டெலால் தாங்க முடியவில்லை.

இடுக்கியை வைத்தார். கையைத் துடைத்தார். நேரே போய்க் கண்ணாடியிலிருந்து தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

“எல்லாரும் கேட்டுக்கங்க! நான் தோத்துட்டேன். வால்டர் பேட்டன்தான் பெரியவன். இவன் சொன்னதுதான் சரி!”

பக்கத்துக் கூடாரத்தில் குரைத்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான். யாரோ கையிலிருந்த பீரைத் தவறவிட்டார்கள்.

ரூஃபஸின் உதடு அசைந்தது. ஒரு பக்கமாகக் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

“பி... பிரவுன்.”

ஆர்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெண்டெல் நாற்காலி முன்னால் அப்படியே மண்டியிட்டார். “என்னடா சொன்ன?”

“பிரவுன்... தான்.” ரூஃபஸ் மூச்சு வாங்கிக்கொண்டார். “மெதுவா... எழுந்திருப்பான்.”

அந்த வரிசை முழுக்கக் குரைத்தது. விஷயம் தெரியாதவர்களும் சேர்ந்து குரைத்தார்கள். ஆர்லீன் அழுதுகொண்டே கணவரை விட்டுவிட்டு வெண்டெலின் முதுகில் போட்டு அடித்தாள். அடுப்பில் சாசேஜ் கரிந்தது, யாரும் கவனிக்கவில்லை.

வெண்டெலுக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் திட்டத்தான் தோன்றியது.

“அடப்பாவி! இத்தனை வருஷமா இதைத்தானேடா கத்தினேன்? நான் கட்சி மாறின அன்னைக்கா உனக்குப் புத்தி வரணும்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொப்பியைக் கழற்றப் போனார். இனி அது எதற்கு?

ரூஃபஸின் நல்ல கை கம்பளிக்குள்ளிருந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

“கழட்டாத,” என்றார். “ஆட்டம்... இன்னும்... ஆரம்பிக்கல.”

வெண்டெல் தொப்பியைக் காதுவரை இழுத்து மாட்டிக்கொண்டார்.

“மெதுவா எழுந்திருப்பானா? அதெல்லாம் நடிப்புடா,” என்று ஆரம்பித்தார்.