ஓடாத லாரி

ஏர் ஃபில்டரின் மூடியைக் கழற்றியதும், காய்ந்துபோன செத்த எலி ஒன்று மெக்கானிக் நச்சத்தர் சிங்கின் மடியில் விழுந்தது. கூடவே வைக்கோலும் எலிப்புழுக்கையும் பொலபொலவென்று கொட்டின. வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தார்.

“நான்தான் சொன்னேன்ல உஸ்தாத்?” கயிற்றுக் கட்டிலில் சாய்ந்தபடி கரும்பைக் கடித்துச் சக்கையைத் துப்பினார் லாரியின் சொந்தக்காரர் ஜகீர் சிங். “நாலு வருஷமா நின்ன எடத்துலயே நிக்குது. இது லாரி இல்ல, எலிங்களுக்குப் பங்களா!”

பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், ஜக்ராவ் கால்வாய் ரோட்டில் சைக்கிளில் போன பால்காரர் முக்தியாரை ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. பச்சை முகப்பு என்பது மட்டும்தான் சாட்சி. அந்த வட்டாரத்தில் பச்சை முகப்பு என்றால் இந்த ஒரு லாரிதான்.

“ஓடுமா, ஓடாதா? அதை மட்டும் பாத்துச் சொல்லுப்பா” என்று மெக்கானிக் நச்சத்தரை அழைத்து வந்திருந்தார் அவர். ஓடாது என்றால் வழக்கை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

முக்தியார், நச்சத்தர் வீட்டுக்கும் பால் ஊற்றியவர். இந்தச் சனியனை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று நச்சத்தருக்குக் கை பரபரத்தது.

வேறு பேட்டரி மாட்டி, சாவியைத் திருகினார். இன்ஜின் முக்கி முனகியதே தவிர, பிடிக்கவில்லை. டீசல் குழாயைக் கழற்றிக் கைப்பம்பை அடித்தால், கறுப்பாகக் கோழைபோல ஏதோ வழிந்து முழங்கை வரை ஒட்டியது. அழுகிய முட்டை நாற்றம். தூ!

டயர்களில் காற்றில்லை. சீட்டைக் கிழித்து எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. முகப்பில் நெளிவுகளுக்குக் குறைவில்லை. எது பழசு, எது புதுசு என்று அந்தக் கடவுளே வந்தாலும் சொல்ல முடியாது.

கடைசியாக அடியிலும் பார்த்துவிடலாம் என்று படுத்து நுழைந்தார். பம்பரில் தொங்கிக்கொண்டிருந்த எதுவோ தோளில் பட்டு நசுங்கியது. அத்தனை நாற்றத்துக்கு நடுவில் ஒரு கணம் எலுமிச்சை வாசனை வந்தது. அப்பாடா என்று மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வெளியே வந்தபோது தலைப்பாகை வரை கசடு. ஜகீர் சிங்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பால்காரனுக்கு ஓரமாப் போகத் தெரியல, செத்தான். அதுக்கு என் வண்டி என்ன பண்ணும்? ஊரு முழுக்கத் தண்ணிப் பாலை வித்த பாவம், அவனையே அடிச்சிருச்சு!”

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் டமாரென்று விழுந்தது.

செத்த எலி மடியில் விழுந்தபோதுகூட நச்சத்தருக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை. இந்த மனுஷன் இருக்கும் முற்றத்தில் நிற்கவே கூசியது.

“என்னப்பா?” என்றார் எஸ்.ஐ.

“ஓடாது, சாகிப்.” சொல்லும்போது தன் வாயே நாறுவதுபோல இருந்தது.

“கேட்டீங்கல்ல சாகிப்? இருந்து லஸ்ஸி சாப்பிட்டுப் போங்க” என்ற ஜகீர் சிங், உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏய், மூணு டம்ளர் கொண்டா!”

அவருடைய மனைவி ஜஸ்மேல் கவுர் வந்தாள். கையில் டம்ளர் இல்லை. கறுப்புக் கயிற்றில் கோத்த ஓர் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாய்களும் இருந்தன.

யாரையும் பார்க்காமல் லாரிக்கு முன்னால் போய்க் குனிந்தாள். பம்பரில் நசுங்கித் தொங்கிய பழைய எலுமிச்சம்பழத்தை அவிழ்த்தாள். அதிலிருந்து சாறு சொட்டியது. கூட இருந்த மிளகாய்களில் இன்னும் பச்சை மாறவில்லை.

ஜகீர் சிங்கின் வாயில் கரும்பு அப்படியே நின்றது. “என்னடி பண்றே? உள்ள போ!”

அவள் புதுசை நிதானமாகக் கட்டி, முடிச்சை இறுக்கினாள். பிறகு எஸ்.ஐ.யைத் திரும்பிப் பார்த்தாள்.

“எலி, வைக்கோல், கசடு எல்லாம் செவ்வாய்க்கிழமை ராத்திரி இவரு அடைச்சது. இன்னிக்குச் சனிக்கிழமை. ஓடுற வண்டிக்கு வாரா வாரம் மாத்தணும்ல, சாகிப்?”