தொண்ணூறு நாள் பத்திரம்

தொட்டியத்து ஆலையில் வெட்டிப்போட்ட வாழைத்தண்டின் நாரைக் கூழாக்கி நானோ தாள் செய்தார்கள். பொட்டலம் கட்டவும் பத்திரம் எழுதவும் இப்போது அந்தத் தாள்தான். தொண்ணூறு நாளில் மண்ணோடு மண்ணாகிவிடும். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்று ஆலை எழுதிக்கொடுத்த பத்திரமும் அப்படித்தான் சிலம்பாயியின் பெட்டியிலேயே மக்கிப் போனது. ஊரே கெஞ்சிக் கூத்தாடி மறுபடியும் எழுதி வாங்கியது.

நாலு மாதம் கழித்து, ஆலையில் தினக்கூலியாகக் கூழ் கலக்கும் சிலம்பாயி அந்த நிரந்தர வேலையைக் கேட்டு மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

"பத்திரம் இருந்தா காட்டும்மா" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவள் மடியிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தாள். அவர் போட்ட கையெழுத்து அழியாமல் இருந்தது. கிழிக்கப் பார்த்தார். தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். தாள் அசைந்து கொடுக்கவில்லை.

"இது எப்படி?"

"ஆபீஸ் தாளுக்குக் கூழு கலக்குறது நாந்தான் சார். மக்குறதுக்குப் போடுற மருந்த அந்தத் தொட்டியில மட்டும் போடல."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நாப்பது வீட்டுப் பத்திரமும் அதே தாளுதான். எல்லாரும் வெளியில நிக்கிறாங்க. கூப்பிடவா?"