துவைத்த சாக்கு

சாயங்காலம் ஐந்து மணிக்கு நாய்கள் காப்பகத்து வண்டி வருவதாக இருந்தது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் நாய்க்கு ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் அந்த நாய்க்குட்டியைக் கொடுத்திருந்தார்கள். ஒத்துவரவில்லை. தாசில்தார் என்று பேர் வைத்த பெரிய நாயை முன்பு ஞானராஜும் ரெஜினாவும்தான் தெருவிலிருந்து ஒரு கோணிச் சாக்கில் சுற்றித் தூக்கி வந்திருந்தார்கள். இன்றுவரை அது அந்தச் சாக்கில்தான் படுக்கும். குட்டி பக்கத்தில் வந்தாலே பல்லைக் காட்டியது.

குட்டி போகப்போகிற துக்கத்தில் ரெஜினா காலையிலிருந்து கண்ணில் பட்டதையெல்லாம் துவைத்தாள். சாக்கையும் துவைத்துவிட்டாள்.

"அதை ஏன்டி தொட்ட? அது அவன் வீடு," என்றான் ஞானராஜ்.

"சோப்பு வேற போட்டுட்டேங்க."

காய்ந்த சாக்கை அதன் இடத்தில் விரித்தாள். தாசில்தார் மோந்து பார்த்தது, தும்மியது, விலகிப் போய் வெறுந்தரையில் நின்றது. அந்த நேரம் பார்த்துக் குட்டி சாக்கில் ஏறி, முதுகைத் தேய்த்துப் புரண்டது. ஞானராஜ் சங்கிலியை எடுத்தான். தாசில்தார் திரும்பி வந்து குட்டியைக் காதிலிருந்து வால்வரை மோந்தது. பிறகு சாக்கை மோந்தது. இப்போது அதில் நாய் வாசனை இருந்தது. மெல்லப் படுத்து, குட்டியின் முதுகில் தாடையை வைத்துக் கண்ணை மூடியது.

ரெஜினா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பேசாதீங்க," என்றாள், பேசாமல் நின்றவனிடம்.

வாசலில் வண்டி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இதுல எதைக்கா கூட்டிட்டுப் போகணும்?"